குளிர்காலத்துக்குச் சின்ன ரிம்: எதுவரை இறங்கலாம், எங்கே நிறுத்த வேண்டும்

கேள்வியைச் சுருக்கமாக மறுபடி சொல்லிவிடுகிறேன், படிக்கும் மற்றவர்களுக்கும் உதவும். உங்களிடம் ஒரு சின்ன ஹேட்ச்பேக் கார் இருக்கிறது. கம்பெனியிலிருந்து வரும்போதே 225/45 ஆர்17 டயர், அதாவது அகலம் 225 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 45 சதவீதம், ரிம் 17 இன்ச். பனிக்காலத்துக்கென்று தனியாக ரிம்மும் டயருமாக ஒரு செட் வாங்கப் போகிறீர்கள். 16 இன்ச்சுக்கோ 15 இன்ச்சுக்கோ இறங்கலாமா, அகலம் குறைந்தால் பிடிப்பும் குறையாதா, வாங்கும் முன் எதைச் சரிபார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

இறங்கலாம். பனி விழும் ஊரில் ஓட்டுபவருக்கு நான் இறங்கச் சொல்லியே ஆலோசனை தருவேன். 205/55 ஆர்16 பெரும்பாலும் சிக்கலில்லாமல் பொருந்தும். 195/65 ஆர்15 இன்னும் நல்லதாக இருக்கலாம், ஆனால் உங்கள் காரின் முன் பிரேக் அதற்கு இடம் விட வேண்டும். எந்த அளவு வாங்குவது என்ற குழப்பத்துக்கு நல்ல வழிகாட்டி உங்கள் காரேதான். அதே மாடலின் விலை குறைந்த வேரியன்ட் எந்த அளவு சக்கரத்தில் விற்பனைக்கு வருகிறது என்று பாருங்கள். காரை வடிவமைத்தவர்களே சஸ்பென்ஷன், ஏபிஎஸ், ஸ்பீடோமீட்டர் எல்லாவற்றையும் அந்த அளவுக்கும் சேர்த்துச் சரிபார்த்திருப்பார்கள். ஏழாம் தலைமுறை ஃபோக்ஸ்வேகன் கோல்ஃபை எடுத்துக்கொள்ளுங்கள். 195/65 ஆர்15, 205/55 ஆர்16, 225/45 ஆர்17, 225/40 ஆர்18 என்று நான்கு அளவுகளிலும் அது வந்திருக்கிறது. உங்கள் காரிலும் இதுபோல ஒரு வரிசை இருக்கும். ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலும் கையேட்டிலும் தேடினால் கிடைத்துவிடும்.

முதலில் உங்கள் பயத்துக்கு வருகிறேன்: அகலம் குறைந்தால் பிடிப்பு குறையுமா? தரையைத் தொடும் பரப்பு பெரும்பாலும் காரின் எடையையும் டயரில் இருக்கும் காற்றழுத்தத்தையும் பொறுத்தது. அகலத்தைக் குறைத்தால் அந்தப் பரப்பு பெரிதாகச் சுருங்கிவிடுவதில்லை, வடிவம்தான் மாறுகிறது. அகல டயரில் குட்டையாகவும் அகலமாகவும் இருப்பது, ஒல்லி டயரில் நீளமாகவும் குறுகலாகவும் ஆகிறது. புதிதாக விழுந்த பனியிலும், பாதி உருகிச் சகதியாகிக் கிடக்கும் பனியிலும் இது பெரிய உதவி. டயர் தனக்கு முன்னால் இருக்கும் பனியைத் தள்ளிக்கொண்டு, அல்லது மிதித்து அமுக்கிக்கொண்டு போக வேண்டும். 225 மி.மீ. அகலத்துக்கு வழி உண்டாக்குவதைவிட 195 மி.மீ. அகலத்துக்கு உண்டாக்குவது எளிது. சகதிப் பனியில் அகல டயர் மேலே மிதந்து வழுக்கும் வேகத்தில் ஒல்லி டயர் இன்னும் தரையைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

ஆனால் எல்லா நிலையிலும் ஒல்லி டயர்தான் ஜெயிக்கும் என்று நான் சொல்லவில்லை. காய்ந்த சாலையிலும், வெறும் ஈரமான சாலையிலும், ஒரே மாடல் டயரில் அகலமான அளவு கொஞ்சம் குறைந்த தூரத்தில் நிற்கும், வளைவிலும் கூர்மையாகத் திரும்பும். வழவழப்பான பனிக்கட்டி மேல் அகலத்தைவிட ரப்பர் கலவையும், டயரின் மேற்பரப்பில் இருக்கும் ரப்பர் பட்டன்களில் கீறியிருக்கும் நுண்ணிய வெட்டுகளும்தான் முக்கியம். ஆகவே நீங்கள் இருக்கும் இடத்தில் குளிர் மட்டும் கடுமையாக இருந்து, சாலையை உடனுக்குடன் சுத்தம் செய்து காய்ந்த நிலையிலேயே வைத்திருந்தால், 16 இன்ச்சோடு நிறுத்திக்கொள்வதில் தவறே இல்லை. காலையில் பனி அகற்றும் வண்டி வருவதற்கு முன்பே கிளம்புபவர், கிராமப் பாதையில் போகிறவர் என்றால் 15 இன்ச்சைத் தேடிப் பார்ப்பது நல்லது.

ரிம் சின்னதாவதில் எனக்கு அகலத்தைவிடப் பெரிதாகப் படும் லாபம் பக்கச்சுவரின் உயரம். 225/45 டயரின் பக்கச்சுவர் 101 மி.மீ. தான். 205/55 என்றால் 113 மி.மீ., 195/65 என்றால் 127 மி.மீ. குளிர்காலத்தில் சாலைக் குழிகள் பனிக்கு அடியில் ஒளிந்துகொள்கின்றன, நடைபாதை ஓரக் கல்லும் கண்ணுக்குத் தெரியாது. தண்ணீர் உறைந்து உருகி உறைந்து புதுக் குழிகளும் அப்போதுதான் உருவாகின்றன. அந்தக் கூடுதல் ரப்பர்தான் ரிம் வளையாமலும் டயர் பக்கவாட்டில் புடைக்காமலும் காப்பது. ஸ்டியரிங் கொஞ்சம் மந்தமாகத் தோன்றும், முதல் சில நாட்களில் நிச்சயம் கவனிப்பீர்கள். பனிச் சாலையில் அந்த நிதானம் ஒரு குறையே அல்ல.

இன்னொன்றையும் பலர் யோசிப்பதில்லை. மலைப்பாதையில் டயருக்குச் சங்கிலி மாட்ட வேண்டிய ஊர்களில், 17, 18 இன்ச் அளவுகளில் சங்கிலி மாட்டவே கூடாது என்று சில கார்களின் கையேடு சொல்லும். சங்கிலிக்கும் சஸ்பென்ஷனுக்கும் இடையே போதிய இடம் இருக்காது என்பதுதான் காரணம். சங்கிலி மாட்ட அனுமதி உள்ள அளவு எது என்று கையேட்டில் தனியாகக் குறிப்பிட்டிருந்தால், அதையே உங்கள் குளிர்கால அளவாக எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குமேல் யோசிக்க வேண்டியதில்லை.

இனி கணக்கு. டயரின் மொத்த விட்டம் பழைய அளவுக்கு மிக அருகில் இருக்க வேண்டும், இதுதான் அடிப்படை விதி. ரிம் அளவை 25.4 ஆல் பெருக்கி, அதோடு பக்கச்சுவரின் உயரத்தை இரண்டு மடங்காக்கிக் கூட்டினால் விட்டம் வந்துவிடும். 225/45 ஆர்17 இன் விட்டம் 634.3 மி.மீ. 205/55 ஆர்16 இன் விட்டம் 631.9 மி.மீ. 195/65 ஆர்15 இன் விட்டம் 634.5 மி.மீ. மூன்றும் அரை சதவீதத்துக்குள் அடங்கிவிடுகின்றன. ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது 16 இன்ச்சில் உங்கள் வேகம் முன்பைவிட அரைக் கிலோமீட்டர்கூடக் குறையாது.

மலிவாகக் கிடைக்கிறதே என்று 195/60 ஆர்15 வாங்கிவிடாதீர்கள். எண்ணில் ஐந்துதான் வித்தியாசம். ஆனால் விட்டம் 615 மி.மீ. ஆகிவிடும், அதாவது 3 சதவீதம் குறைவு. கார் கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் தரையை நோக்கி இறங்கும். இரண்டு சக்கரத் தடங்களுக்கு நடுவே பனி மேடாகக் குவிந்திருக்கும் பாதையில் அந்த ஒரு சென்டிமீட்டர் அடிப்பாகத்தில் உரசும். எதிர்த்திசையில் 205/65 ஆர்15 போட்டால் விட்டம் 647 மி.மீ. தாண்டும். காரின் உண்மை வேகத்தைவிடக் குறைவாக ஸ்பீடோமீட்டர் காட்டக் கூடாது என்பது ஐ.நா. வாகன விதிகளில் ஒன்று. விட்டம் கூடக்கூட அந்த எல்லையை நோக்கி நகர்கிறீர்கள். வீல் ஆர்ச்சில் பனி அடைத்துக்கொள்ளும் காலத்தில் பெரிய டயர் உரசவும் செய்யும். நான்கு சக்கர இழுவை உள்ள கார் என்றால் நான்கு டயரும் ஒரே மாடலாக, ஒரே தேய்மானத்தோடு இருப்பது இன்னும் முக்கியம்.

எடை தாங்கும் எண்ணையும் பாருங்கள். அளவுக்குப் பின்னால் 91எச் என்று இருந்தால், 91 என்பது ஒரு டயர் 615 கிலோ தாங்கும் என்பதைக் குறிக்கிறது. மேலே சொன்ன மூன்று அளவுகளிலும் 91 எண் சாதாரணமாகவே கிடைக்கும் என்பதால் உங்களுக்கு இதில் சிக்கல் வராது. 87 என்று பார்த்தால் அது 545 கிலோதான், விட்டுவிடுங்கள். கதவு ஸ்டிக்கரில் இருக்கும் எண்ணுக்குக் கீழே போகவே கூடாது.

வேக எழுத்து வேறு கதை. க்யூ என்றால் மணிக்கு 160, ஆர் என்றால் 170, டி என்றால் 190, எச் என்றால் 210 கிலோமீட்டர் வரை. ஐரோப்பாவில் குளிர்கால டயருக்கு மட்டும் காரின் உச்ச வேகத்தைவிடக் குறைந்த எழுத்துக்கு இடம் உண்டு. குறைந்தது க்யூ இருக்க வேண்டும், டயரின் வேக வரம்பை ஓட்டுநர் கண்ணில் படும்படி ஒரு ஸ்டிக்கராக ஒட்டவும் வேண்டும். பனிக்கட்டிக்கென்றே செய்யப்படும் மென்மையான டயர்கள் பல ஆர், டி எழுத்துகளில்தான் வருகின்றன. அதைப் பார்த்து மட்டமான டயர் என்று நினைத்துவிடாதீர்கள்.

சரி, பிரேக்குக்கு வருவோம். நிறையப் பேர் சிக்கிக்கொள்ளும் இடம் இதுதான், ஆகவே நிதானமாகச் சொல்கிறேன்.

15 இன்ச் ரிம் என்றால் டயர் உட்காரும் இடத்தின் விட்டம் 381 மி.மீ. உள்ளே இருக்கும் இடம் அதைவிடக் குறைவு, ஏனென்றால் உலோகத்தின் தடிமன் இருக்கிறது, டயரை மாட்டுவதற்காக நடுவில் ஒரு பள்ளமும் இருக்கிறது. முன் பிரேக்கின் வட்டத் தட்டான டிஸ்க் 288 மி.மீ. என்றால் 381 இல் மீதி ஒரு பக்கத்துக்கு 46 மி.மீ. வரும். அதற்குள் ரிம்மின் உலோகமும், டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும், அதைத் தாண்டி வெளியே நீட்டியிருக்கும் காலிப்பரும் அடங்க வேண்டும். டிஸ்க் 312 மி.மீ. ஆகிவிட்டால் மீதி 34 மி.மீ. தான், பெரும்பாலும் போதாது. கோல்ஃப் குடும்பத்தில் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு இது: 288 மி.மீ. வரை 15 இன்ச், 312 மி.மீ. டிஸ்க்குக்கு 16 இன்ச், 340 மி.மீ. க்கு 17 இன்ச்சுக்குக் கீழே இறங்க முடியாது. உங்கள் காரின் எண்கள் மாறலாம், வழிமுறை அதேதான்.

விலை குறைந்த வேரியன்ட்டைப் பார்க்கச் சொன்னேன் அல்லவா, அதில் ஒரு எச்சரிக்கை இங்கே சேர்கிறது. கீழ் வேரியன்ட்டில் 15 இன்ச் வருகிறது என்றால் அந்த வேரியன்ட்டின் பிரேக்கும் சின்னதாக இருந்திருக்கலாம். உங்களுடையது பெரிய இன்ஜின் உள்ள மேல் வேரியன்ட் என்றால் டிஸ்க்கும் பெரிதாக இருக்க வாய்ப்பு அதிகம். காரின் பெயரை மட்டும் வைத்து முடிவு செய்யாமல், உங்கள் இன்ஜின், உங்கள் பிரேக் அளவுக்குக் கம்பெனி அனுமதித்த மிகச் சிறிய ரிம் எது என்று பாருங்கள். கார் அடையாள எண்ணைக் கொடுத்தால் கம்பெனியின் உதிரிபாகப் பிரிவில் சொல்லிவிடுவார்கள். பின் காலிப்பரையும் மறக்க வேண்டாம்.

ரிம் உள்ளே நுழைந்தால் மட்டும் போதாது, காலிப்பருக்கும் ரிம்முக்கும் எங்கும் 3 மி.மீ. யாவது இடைவெளி வேண்டும். ஒரே 16 இன்ச்சில்கூட ஒரு ரிம் பொருந்தும், இன்னொன்று பொருந்தாது. ஆரக்கால்கள் உள்பக்கமாக வளைந்திருந்தால் காலிப்பரின் முகத்தில் இடிக்கும். அப்புறம், வீல் பாலன்சிங் செய்யும்போது உள்ளே ஒட்டும் எடைகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும். காலி ரிம்மாக மாட்டிப் பார்க்கும்போது சுழன்றது, எடை ஒட்டிய பிறகு காலிப்பரில் தட்டலாம். முதல் ரிம்மை டயர் இல்லாமல் முன் ஹப்பில் (காரில் சக்கரம் பொருந்தும் மையப் பகுதி) மாட்டி, நட்டுகளைக் கையால் இறுக்கி, ஒரு முழுச் சுற்று சுற்றிப் பார்த்த பிறகே டயர் ஏற்றச் சொல்லுங்கள். டயர் ஏற்றிய ரிம்மை யாரும் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

அடுத்தது போல்ட் வட்டம். பிசிடி என்று சொல்வார்கள். 5×112 என்றால் ஐந்து போல்ட், அவற்றின் மையங்கள் வழியே போகும் வட்டத்தின் விட்டம் 112 மி.மீ. சிறிய கார்களில் 5×100, 5×108, 5×112, 5×114.3 எல்லாம் புழக்கத்தில் உண்டு. 112 க்கும் 114.3 க்கும் வித்தியாசம் இரண்டு மில்லிமீட்டர்தானே என்று இறுக்கிப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். போல்ட் கோணலாக இழுபடும், சரியாக உட்காராது, ஓட்டத்தில் தளர்ந்துவிடும். சக்கரம் கழன்று போகும் விஷயம் இது, இதில் சமாதானமே கிடையாது.

ரிம்மின் நடுத்துளை ஹப்பின் மேல் சரியாக உட்கார வேண்டும். ஃபோக்ஸ்வேகனில் 57.1 மி.மீ., ஹோண்டாவில் 64.1, மாஸ்டாவில் 67.1 என்று கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வெளிக் கம்பெனி ரிம்களில் பல கார்களுக்கும் பொருந்தட்டும் என்று துளையைப் பெரிதாக வைத்து, இடைவெளியை நிரப்ப ஒரு வளையம் தருவார்கள். வளையம் சரியான அளவில் இருந்தால் குறை இல்லை, இல்லாவிட்டால் 90, 100 வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கும். துளை ஹப்பைவிடச் சின்னதாக இருந்தால் ரிம் உட்காரவே உட்காராது.

ஆஃப்செட் என்பது ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் பொருந்தும் முகம் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பது. ரிம்மில் அதை இடி (ET) என்று பொறித்திருப்பார்கள், இடி 49 என்றால் 49 மி.மீ. எண் குறைந்தால் சக்கரம் வெளியே வரும் என்று படித்துவிட்டு, குளிர்கால ரிம்மில் இடி 43 என்று பார்த்ததும் பலர் பயந்துவிடுகிறார்கள். ரிம்மின் அகலமும் சேர்ந்து மாறுகிறது என்பதை மறந்துவிடுகிறார்கள். 7 இன்ச் அகலம், இடி 49 என்ற ரிம்மின் வெளி விளிம்பு ஹப் முகத்திலிருந்து சுமார் 40 மி.மீ. வெளியே, உள் விளிம்பு 138 மி.மீ. உள்ளே. 6 இன்ச் அகலம், இடி 43 என்றால் வெளியே 33, உள்ளே 119. ஆக, எண் குறைந்தும் சக்கரம் வெளியே வரவில்லை, இரண்டு பக்கமும் இடம்தான் கூடியிருக்கிறது. உள்பக்கம் கிடைத்த அந்த 19 மி.மீ. தான் பனி அடைப்பதற்கும் சங்கிலி ஓடுவதற்கும் உரிய இடம். அகலத்தையும் ஆஃப்செட்டையும் சேர்த்தே பாருங்கள். கம்பெனியின் குளிர்கால ரிம்மின் எண்களுக்கு இரண்டு மூன்று மி.மீ. க்குள் இருந்தால் நிம்மதியாக வாங்கலாம்.

போல்ட், நட்டு விஷயத்தில் கொஞ்சம் பிடிவாதமாகவே இருப்பேன். ரிம்மில் போல்ட்டின் தலை உட்காரும் குழி மூன்று விதம்: கூம்பு வடிவம், பந்து வடிவம், தட்டை. ஃபோக்ஸ்வேகனும் ஹோண்டாவும் தங்கள் சொந்த ரிம்களில் பந்து வடிவத்தைப் பயன்படுத்துகின்றன. வெளிக் கம்பெனி அலாய் ரிம்கள் பெரும்பாலும் கூம்பு வடிவம். டொயோட்டாவின் பல அலாய் ரிம்களில் தட்டை வாஷரோடு கூடிய நட்டு வரும். கூம்புக் குழியில் பந்து போல்ட்டைப் போட்டால் மெல்லிய ஒரு கோட்டில் மட்டும்தான் உலோகம் உலோகத்தைத் தொடும். கையில் இறுக்கமாகத் தெரியும், சில நூறு கிலோமீட்டரில் தளர்ந்துவிடும். ரிம் வாங்கும்போதே அதற்குரிய போல்ட் அல்லது நட்டு எது என்று கேட்டு வாங்குங்கள். போல்ட் வரும் கார் என்றால் நீளத்தையும் ஒப்பிடுங்கள்: பழைய ரிம்மில் பழைய போல்ட் எத்தனை சுற்று இறங்கியதோ அத்தனை சுற்று புதியதும் இறங்க வேண்டும். ரொம்ப நீளமாகி உள்ளே எதையும் இடிக்கவும் கூடாது.

இரும்பு ரிம்மா, அலாயா? நான் இரும்புப் பக்கம்தான். குழியில் பலமாக விழுந்தால் இரும்பு வளையும், அலாய் விரியலாம். சாலையில் தூவும் உப்பு அலாயின் பூச்சுக்குள் புகுந்து அரித்தால் டயரின் விளிம்பு உட்காரும் இடத்தில் மெதுவாகக் காற்று இறங்க ஆரம்பிக்கும். இரும்பும் துருப்பிடிக்கும், ஆனால் தேய்த்துப் பெயின்ட் அடித்துவிடலாம். இரும்பு ரிம் இலேசாக இருக்கும் என்று மட்டும் எதிர்பார்க்க வேண்டாம், அளவில் சின்னதாக இருந்தும் உங்கள் 17 இன்ச் அலாய்க்குச் சமமான எடை இருக்கலாம். எந்த ரிம்மாக இருந்தாலும் ஆழமான பனியில் ஓட்டிவிட்டு நெடுஞ்சாலை ஏறியதும் கார் நடுங்கினால் பதற வேண்டாம். ரிம்மின் உள்பக்கம் பனி அப்பிப் பாலன்ஸ் கெட்டிருக்கும். நிறுத்தி, அதைத் தட்டி எடுத்தால் சரியாகிவிடும்.

இனி டயர். ரிம் சின்னதானதில் மிச்சமாகும் பணத்தை இங்கே செலவழியுங்கள். 17 இன்ச்சில் ஒரு சுமாரான டயர் வாங்கும் தொகைக்கு 15, 16 இன்ச்சில் நல்ல டயரே பல நேரம் கிடைத்துவிடும். பனிக்காலத்தில் காரை நிறுத்துவது அந்த ரப்பர்தான்.

பக்கச்சுவரில் மூன்று சிகரமுள்ள மலைக்குள் ஒரு பனித்துகள் வரைந்த சின்னம் இருக்க வேண்டும். சோதனையில் பனி மேல் குறிப்பிட்ட அளவு பிடிப்பு காட்டிய டயருக்குத்தான் அது கிடைக்கும். எம்+எஸ் என்ற எழுத்து மட்டும் இருந்தால் அதற்குச் சோதனை எதுவும் இல்லை, உற்பத்தியாளரே போட்டுக்கொள்ளலாம். ஜெர்மனியில் 2024 அக்டோபர் முதல் எம்+எஸ் மட்டும் உள்ள டயரைக் குளிர்கால டயராக ஏற்பதில்லை. கனடாவின் கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் கட்டாயம். ஸ்வீடனில் டிசம்பர் 1 முதல் மார்ச் 31 வரை, சாலை குளிர்கால நிலையில் இருந்தால், பட்டன் ஆழம் குறைந்தது 3 மி.மீ. உள்ள குளிர்கால டயர் வேண்டும். ஆஸ்திரியாவில் அந்த ஆழம் 4 மி.மீ. சட்டம் எங்கே எப்படி இருந்தாலும், 4 மி.மீ. க்குக் கீழே தேய்ந்த டயரைப் பனிக்கு நான் நம்ப மாட்டேன். புதிதாக வரும்போது 8 மி.மீ. அளவில் இருக்கும்.

அந்தப் பனித்துகள் சின்னம் பனிக்கட்டியில் டயர் எப்படி நடந்துகொள்ளும் என்பதைச் சொல்வதில்லை. ஐரோப்பிய டயர் லேபிளில் 2021 மே முதல் பனிக்கட்டிப் பிடிப்புக்குத் தனிச் சின்னம் வந்திருக்கிறது. உறைந்த சாலையில் ஓட்டுபவர் அதைத் தேட வேண்டும். குளிர்கால டயரில் இரண்டு குடும்பங்கள் உண்டு. ஒன்று மத்திய ஐரோப்பாவின் ஈரமும் மிதமான குளிரும் கலந்த சாலைக்கு, நீர் வெளியேறும் அகலமான வாய்க்கால்களோடு, எச், வி வேக எழுத்துகளில் வருவது. இன்னொன்று வடக்கு நாடுகளின் உறைபனிக்கு, மிக மென்மையான ரப்பரில், நுண்வெட்டுகள் நிறைந்தது. மிஷலின் எக்ஸ்-ஐஸ் ஸ்னோ, பிரிட்ஜ்ஸ்டோன் பிளிசாக், நோக்கியன் ஹக்கபெலிட்டா போன்றவை இரண்டாவது குடும்பம். மாதக்கணக்கில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழேயே கிடந்தால் இரண்டாவதை எடுங்கள். பெரும்பாலும் மழையும் ஈரமும், எப்போதாவது பனி என்றால் முதல் குடும்பம் உங்களை ஈரச் சாலையில் சீக்கிரம் நிறுத்தும். கோடை டயர் சுமார் 7 டிகிரிக்குக் கீழே இறுகத் தொடங்கிவிடும் என்பதால், பனி விழும்வரை காத்திருக்காமல் அந்தக் குளிர் வந்ததுமே மாற்றிவிடுவது நல்லது.

டயரின் வயதைப் பார்க்கப் பக்கச்சுவரில் டிஓடி (DOT) எழுத்துகளுக்குப் பின்னால் வரும் கடைசி நான்கு எண்களைப் படியுங்கள். 3523 என்றால் 2023 ஆம் ஆண்டின் 35 ஆவது வாரம். பழைய செட்டாக வாங்குகிறீர்கள் என்றால் இதைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள், பட்டன் ஆழமாக இருந்தாலும் வயதான ரப்பர் இறுகிப்போயிருக்கும்.

நான்கும் மாற்ற வேண்டும். முன் சக்கர இழுவைதானே, முன்னால் இரண்டு மட்டும் போதாதா என்று கேட்பார்கள். முன்பக்கம் பிடிக்கும், பின்பக்கம் பிடிக்காது. இறக்கத்தில் பிரேக் பிடித்தாலோ வளைவில் காலை எடுத்தாலோ பின்பக்கம் வழுக்கிக் கார் சுற்றிக்கொள்ளும். நான்கும் கோடை டயராக இருப்பதைவிடவும் இது ஏமாற்றக்கூடிய நிலை, ஏனென்றால் கிளம்பும்போது எல்லாம் நன்றாக இருப்பதுபோலத் தோன்றும்.

டயர் அழுத்தத்தைக் கண்காணிக்கும் வசதி உங்கள் காரில் எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள். சக்கரத்துக்குள்ளேயே சென்சார் இருக்கும் வகை என்றால் புதிய ரிம்முக்கும் நான்கு சென்சார் வேண்டும், டயர் ஏற்றும்போதே போட்டுவிட்டால் ஒரே வேலை. அதன் பேட்டரி ஐந்து முதல் பத்து வருடம் வரும். ஏபிஎஸ் சென்சாரை வைத்துச் சக்கரச் சுழற்சியை ஒப்பிடும் வகை என்றால் எதுவும் வாங்க வேண்டாம், காற்றைச் சரியாக நிரப்பிவிட்டு மெனுவில் ரீசெட் செய்தால் போதும்.

காற்று விஷயத்தில் குளிர் ஏமாற்றும். வெப்பநிலை 10 டிகிரி இறங்கினால் சுமார் 0.1 பார், அதாவது ஒன்றரை பிஎஸ்ஐ குறையும். 20 டிகிரி இருக்கும் சூடான கடையில் 2.3 பார் அடித்துவிட்டு, வெளியே மைனஸ் 20 இல் காலையில் பார்த்தால் 1.9 க்கும் கீழே போயிருக்கும். ஆகவே கார் வெளியே நின்று குளிர்ந்திருக்கும்போது அளந்து, ஸ்டிக்கரில் சொன்ன அளவுக்கு நிரப்புங்கள். பனியில் பிடிப்பு கூடும் என்று காற்றைக் குறைத்து ஓட்டச் சொல்பவர்களின் பேச்சைக் கேட்க வேண்டாம். சகதிப் பனியை வெட்டிப் போகும் அந்தக் குறுகலான வடிவம்தான் அதனால் கெடும்.

மாட்டும் நாளில் ஹப்பின் முகத்தில் இருக்கும் துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள். ரிம்மின் நடுத்துளை உட்காரும் விளிம்பில் மட்டும் ஒட்டாமல் இருப்பதற்கான பேஸ்ட்டை மிக மெல்லிதாகத் தடவலாம், போல்ட்டின் மரையில் தடவாதீர்கள். மரை வழுக்கினால் இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் சொல்லும் அளவைவிட அதிகமாக இறுகிவிடும். எவ்வளவு இறுக்க வேண்டும் என்பது கையேட்டில் இருக்கும், இந்த அளவுக் கார்களில் 100 முதல் 120 நியூட்டன் மீட்டர் வரை வருவது வழக்கம். ஐந்து போல்ட்டையும் குறுக்குக் குறுக்காக, இரண்டு மூன்று தடவையில் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு ஒருமுறை திரும்பச் சரிபாருங்கள். புது டயர் என்றால் முதல் சில நூறு கிலோமீட்டருக்குத் திடீர் பிரேக்கும் வேகமான வளைவும் தவிர்க்கவும், மேற்பரப்பில் இருக்கும் வழவழப்பு தேய்ந்து நுண்வெட்டுகள் வேலை செய்ய அவ்வளவு தூரம் தேவை.

ஆர்டர் கொடுக்கும் முன் உங்கள் காரின் முன் டிஸ்க் விட்டத்தையும், இப்போதைய ரிம்மின் உள்பக்கத்தில் பொறித்திருக்கும் அகலம், இடி எண்ணையும் எழுதி அனுப்புங்கள். 15 இன்ச் அடங்குமா, 16 தானா என்று பார்த்துச் சொல்கிறேன்.